ஒரே பாயில் 5 வயதும் 67 வயதும்

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதம் நீளமானது, முழுவதையும் இங்கே போட இடமில்லை. வாசிக்கிறவர்களுக்காகச் சாரத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். கல்லடியில் விபுலானந்தர் பெயரிலுள்ள அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சங்கீதம் படித்து முடித்துவிட்டு, நியமனம் வரும்வரைக்கும் காரைதீவில் வீட்டு விறாந்தையில் வகுப்பு நடத்துகிறீர்கள். சனியும் ஞாயிறும் பின்னேரம். 14 பேர் வருகிறார்கள். ஆகச் சிறியவளுக்கு 5 வயது. ஆகப் பெரியவர் 67 வயதான ஓய்வுபெற்ற தபாலதிபர். நடுவில், காதுக்கருவி போட்ட 9 வயதுப் பையன், டவுன் சிண்ட்ரோம் உள்ள 11 வயதுப் பிள்ளை, குரல் உடைந்துகொண்டிருக்கும் 13 வயதுத் தம்பி, மாளிகைக்காட்டிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் பிள்ளை. நான்கு பிள்ளைகளின் தாய்மார் வட இலங்கை சங்கீத சபைச் சோதனையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "சரளி வரிசையைத் (ஏறி இறங்கும் முதற் சுரப் பயிற்சி) தொடங்கினால் பாதிப்பேர் சலித்துப்போகிறார்கள், மீதிப்பேர் பிந்திப்போகிறார்கள். வயதுப்படி பிரிக்கட்டுமா? காது கேட்காத பிள்ளையின் தாயிடம் காசு வாங்குவது பாவமா ரீச்சர்?" என்று முடித்திருக்கிறீர்கள்.

நேரே பதிலுக்கு வருகிறேன். வயதுப்படி பிரிக்க வேண்டாம். யாரையும் அனுப்பிவிடவும் வேண்டாம். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள் பாருங்கள், அதை மட்டும் விட்டுவிடுங்கள். பாட்டு ஒன்றாக இருக்கட்டும், அதில் ஆளுக்கொரு பங்கு இருக்கட்டும்.

இது வெளிநாட்டுப் புத்தகம் எதிலும் பொறுக்கிய யோசனை இல்லை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கூத்து அண்ணாவிமார் (கூத்துப் பழக்குகிற ஆசிரியர்கள்) தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை. ஓர் ஊரில் வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ போடுவதென்று முடிவானால், வருகிறவர்கள் எல்லோரும் பாட்டுக்காரர்களா என்ன? வயல் வேலை செய்கிறவர், மீன்பிடிக்கப் போகிறவர், பள்ளிக்கூடப் பொடியன்கள், எழுத்து வாசிப்புத் தெரியாதவர் எல்லோரும்தான் வருவார்கள். அண்ணாவியார் ஒவ்வொருவரின் குரலையும் உடம்பையும் பார்ப்பார். இவனுக்கு ராசா வேஷம். இவனுக்கு வாய்த்துடுக்கு, கட்டியகாரனாக விடலாம். இவருக்குக் குரல் போய்விட்டது, ஆனால் தாளம் பிசகாது, சல்லரியைக் (கைத்தாளம்) கொடு. அதற்குப் பிறகுதான் சட்டம் கொடுப்பது, அதாவது அவரவர் பங்குக்கான பாட்டைக் கொடுப்பது. அவரவர் பாட்டை அவரவர் மாதக்கணக்கில் பழகுவார்கள். ஆடுகிறவர் ஓர் அடியைப் பாட, பிற்பாட்டுக்காரர் அதை ஏற்றுப் பாடுவார்கள். அந்த இடைவெளியில் அவருக்கு மூச்சு வாங்கலாம், சுருதி நழுவியிருந்தால் திரும்பப் பிடிக்கலாம். சதங்கை அணிந்து, கிழமைக் கூத்து ஆடி, அடுக்குப் பார்த்து என்று ஒத்திகையெல்லாம் முடிந்து, அரங்கேற்றம் என்று வரும்போது ஆளுக்கு ஆள் திறமை ஏறக்குறைய இருந்தாலும் கூத்து ஒன்றாக நிற்கும். (அந்தக் களரியில் பெண்பிள்ளைகளுக்கு இடம் இருக்கவில்லை. பெண் வேஷத்தையும் ஆண்கள்தான் கட்டினார்கள். அதை நாம் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.)

நீங்களும் நானும் படித்த வழி வேறு. அங்கே ஏற்கெனவே தெரிவாகி வந்தவர்கள், ஏறக்குறைய ஒரே வயது, ஒரே பாடத்திட்டம். அந்தப் பழக்கத்தில் விறாந்தை வகுப்பையும் நடத்தப்போனால் நீங்கள் எழுதியது போலத்தான் ஆகும்.

சரி, எப்படிச் செய்வது? வகுப்பின் முதல் அரை மணித்தியாலம் எல்லோரும் ஒன்றாக இருக்கட்டும். இதற்கு முதல் தடை சுருதி. நீங்கள் 5 கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) பாடுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். தபாலதிபருக்கு அது எட்டாது, ஒரு ஸ்தாயி (ஒரு ச இலிருந்து அடுத்த ச வரையுள்ள தூரம்) இறக்கினால் தொண்டைக்குள் முணுமுணுக்க வேண்டியதுதான். 5 வயதுப் பிள்ளைக்கோ உங்கள் ஆதார சட்ஜமே (ச) அடியில் கிடக்கும். அதனால் பொதுப் பாட்டுக்கு 1 கட்டையை வையுங்கள், ச இலிருந்து த வரைக்குள் நிற்கிற பாட்டாகப் பாருங்கள். ஆண்கள் கீழ் ஸ்தாயியில் வசதியாகப் பாடுவார்கள், பெண்களும் பிள்ளைகளும் சரியாக ஒரு ஸ்தாயி மேலே பாடுவார்கள். உங்கள் 5 கட்டைக்கு அது மத்திம சுருதி (ம வைச் ச ஆக வைத்துப் பாடுவது) மாதிரித்தான், கொஞ்ச நாளில் பழகிவிடும். ஆளுக்கொரு சுருதிப்பெட்டி தேடி அலைய வேண்டியதில்லை.

ராகத்துக்கு மோகனத்தை எடுங்கள். தொடக்கப் பாடங்களுக்கு வழக்கமாக எடுக்கும் மாயாமாளவகௌளை ராகத்தை ஒதுக்கச் சொல்லவில்லை, புரந்தரதாசர் போட்டதாகச் சொல்லப்படும் அந்த வழிக்குக் காரணம் உண்டு. ச ரி க ம என்ற கீழ்ப் பாதியும் ப த நி ச என்ற மேல்ப் பாதியும் அதில் அச்சொட்டாக ஒரே இடைவெளியில் இருக்கும், ஒரு பாதி பிடிபட்டால் மற்றப் பாதி தானாக வரும். ஆனால் ச இலிருந்து சுத்த ரிஷபத்துக்கு ஒரு சின்ன அடி, அங்கிருந்து அந்தர காந்தாரத்துக்கு ஒரு பெரிய தாவல். 5 வயதுக் குரலுக்கும், இப்போதுதான் வாய் திறக்கிற 67 வயதுக் குரலுக்கும் அது கஷ்டம். மோகனத்தில் அரைச் சுர நெருக்கமே இல்லை. ஐந்து சுரத்தில் எந்த இரண்டு சேர்ந்து ஒலித்தாலும் காதைக் குத்தாது, ஒருவர் பிழைவிட்டாலும் பாட்டு கெடாது. ஜேர்மனியில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்க வழி வகுத்த கார்ல் ஓர்ப் தன் சைலபோனில் (மரத்துண்டுகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) இரண்டு துண்டுகளைக் கழற்றி வைத்துத்தான் தொடக்கக்காரருக்குக் கொடுத்தார். கழற்றிய இரண்டும் நமக்கு மத்திமமும் நிஷாதமும். மிச்சம் இருப்பது மோகனம்.

தாளத்துக்கு முதல் நாளே சொற்கட்டைக் கொண்டுவந்து பயமுறுத்த வேண்டாம். உங்கள் வீதியால் போகிற பஸ்ஸின் கொண்டக்டர் போதும். 'நிந்தவூர்' என்று கைதட்டிச் சொல்லச் சொல்லுங்கள்: நிந், த, வூர். மூன்று. அதுதான் தகிட. 'காரைதீவு' நான்கு, தகதிமி. 'அக்கரைப்பற்று' ஐந்து, தகதகிட. அடுத்தடுத்த ஊரான நிந்தவூரையும் காரைதீவையும் ஒரே மூச்சில் சொன்னால் ஏழு, மிஸ்ர சாபு அப்படியே வந்து நிற்கும். காரைதீவையும் அக்கரைப்பற்றையும் சேர்த்தால் ஒன்பது. திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்று ஐந்து ஜாதியும் கல்முனை றோட்டிலேயே முடிந்தது. எழுத வாசிக்கக் கஷ்டப்படுகிற பிள்ளைக்கும் இது வரும். சோதனைக்குப் போகிற பிள்ளைக்கு அறிமுறைத் தாளில் எழுத இதுவே பிறகு கைகொடுக்கும்.

இப்போது ஒரு சனிக்கிழமையைப் பார்ப்போம். எட்டு எண்ணிக்கையில் நான்கு அடிப் பாட்டு, நீங்களே கட்டலாம், சொல் பிள்ளைகளிடமிருந்தே வரட்டும். இரண்டு பேர் ச, ப என்ற இரண்டு சுரத்தை மட்டும் அகாரத்தில் ('ஆ' என்று) இழுத்துக்கொண்டிருப்பார்கள். 5 வயதுக்காரி ஒவ்வோர் அடியின் கடைசிச் சொல்லை மட்டும் பாடுவாள். டவுன் பிள்ளையின் கையில் சல்லரி. காதுக்கருவிப் பையன் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) சமத்துக்குச் சமம், அதாவது ஒவ்வொரு தாளச் சுற்றின் தொடக்கத்திலும், ஒரு தட்டு. சோதனைக்குப் போகிற பிள்ளைகள், நம் சோதனைக்காரர், நான்கு பேரும் அதே மெட்டைச் சுரமாகப் பாடுவார்கள். தபாலதிபர் முதலடியை எடுத்துக்கொடுப்பார், மற்ற எல்லோரும் பிற்பாட்டு. அடுத்த கிழமை ஒருவரின் பங்கைக் கூட்டலாம், இன்னொருவருக்கு மாற்றலாம்.

ஒன்றைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். பங்கு சின்னதாக இருக்கலாம், நேர்த்தியில் சலுகை இல்லை. சமத்தில் ஒரே ஒரு தட்டு என்றால் அது சமத்தில்தான் விழ வேண்டும், விழும்வரைக்கும் திரும்பச் செய்ய வேண்டும். விசேட தேவையுள்ள பிள்ளையின் கையில் ஒரு கிலுக்கைக் கொடுத்து ஓரத்தில் இருத்திவிட்டு, எப்போது கிலுக்கினாலும் "நல்லா இருக்கு" என்று சொல்கிற வகுப்புகளை நிறையக் கண்டிருக்கிறேன். எனக்கு அது பிடிப்பதே இல்லை. பிள்ளைக்கும் தெரியும், தன்னை யாரும் கேட்கவில்லை என்று.

அரை மணித்தியாலம் முடிந்ததும் பாயைப் பிரிக்கலாம். சோதனைக்காரர் உங்களோடு, மற்றவர்கள் இரண்டு இரண்டு பேராக.

காதுக்கருவிப் பையனைப் பற்றித்தான் உங்களுக்கு ஆகக் கூடுதல் கவலை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் கருவி. காதுக்கருவிகள் பெரும்பாலும் பேச்சைக் கேட்பதற்காக அமைக்கப்படுகின்றன. ஒரே மாதிரித் தொடர்ந்து ஒலிக்கிற சத்தத்தை அது இரைச்சல் என்று எண்ணி அடக்கப் பார்க்கும். உங்கள் சுருதிப்பெட்டி செய்கிற வேலையே ஒரே மாதிரித் தொடர்ந்து ஒலிப்பதுதானே! நீங்கள் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தால், புல்லாங்குழல் வாசித்தால், அதைக் கருவி தானே எழுப்புகிற கீச்சொலி என்று தவறாக எடுத்து வெட்டவும் கூடும். அப்போது பிள்ளைக்குச் சுரம் நடுங்கும், விட்டுவிட்டுக் கேட்கும். "சுருதியோடு சேரவே மாட்டேன் என்கிறான்" என்று எழுதியிருந்தீர்களே, சுருதி அவனுக்குப் போய்ச் சேர்கிறதா என்பதே சந்தேகம். கருவி பொருத்திக் கொடுத்த இடத்துக்குத் தாயை அனுப்பி, சங்கீதத்துக்கென்று தனி அமைப்பு ஒன்று போட்டுத்தர முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். பல கருவிகளில் அது முடியும், கேட்காவிட்டால் யாரும் சொல்வதில்லை.

அடுத்தது அவன் இருக்கும் இடம். மின்விசிறிக்குக் கீழே வேண்டாம். உங்கள் முகம் அவனுக்கு வெளிச்சத்தில் தெரிய வேண்டும், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீங்கள் இருந்தால் வாயசைவு தெரியாது. சிமெந்துத் தரையில் பாய் போட்டு இருத்தாமல் ஒரு மரப் பலகையில் வெறுங்காலோடு இருத்துங்கள், மிருதங்கமும் அதே பலகையில் இருக்கட்டும். அதிர்வு காலால் ஏறும். ஸ்கொட்லாந்தின் தாள வாத்தியக் கலைஞர் எவலின் கிளெனி 12 வயதளவில் செவிப்புலனைப் பெரும்பாலும் இழந்தவர், மேடையில் அவர் வெறுங்காலோடு வாசிப்பதும் இதற்காகத்தான். பலருக்குக் காது மந்தமானாலும் தாழ்ந்த ஒலி கொஞ்சம் மிஞ்சியிருக்கும், அதனால்தான் வலந்தலையை (வலப்பக்கம்) விட்டுத் தொப்பியைச் சொன்னேன். சுரத்துக்கு ஒரு வழி: ஊதிய பலூனை இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கச் சொல்லி, அதற்குப் பக்கத்தில் நீங்கள் ச பாடுங்கள், பிறகு மேல் ச பாடுங்கள். வித்தியாசத்தைக் கை சொல்லும். அவன் கையை உங்கள் தொண்டையில் அல்லது தாயின் தொண்டையில் வைத்தும் பார்க்கலாம்.

காதுக்குள்ளே கருவி பதித்த பிள்ளைகளும் சில வகுப்புகளுக்கு வருகிறார்கள், மற்ற ஆசிரியர்களுக்காக இதையும் சொல்லிவைக்கிறேன். அவர்களுக்குத் தாளம் நன்றாகவே பிடிபடும், சுர வேறுபாடுதான் கஷ்டம். முதல் வருஷம் தாளத்திலேயே போகட்டும்.

உங்கள் தெருவுக்குப் பாண் ஓட்டோ வருமல்லவா? அது போட்டுக்கொண்டு வருகிற மெட்டைக் கிழக்கில் தெரியாத பிள்ளை இல்லை. அது பீத்தோவன் 1810 இல் எழுதியது. அந்த நேரத்தில் அவருக்குக் காது மந்தமாகத் தொடங்கிப் பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இதை அந்தத் தாயிடம் சொல்லுங்கள். பையனிடம் இப்போதைக்கு வேண்டாம், 9 வயதில் அவனுக்குத் தேவை மிருதங்கம்.

டவுன் பிள்ளைக்கு உங்கள் வாயை விட உங்கள் கை கூடுதலாக உதவும். இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கேட்டதைவிடக் கண்டது மனதில் நிற்கும். ஆதி தாளத்தில் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணச் சொன்னால் குட்டை விரல்கள், தளர்ந்த தசை, குழம்பிப்போகும். விரலை விட்டுவிட்டுத் தட்டும் வீச்சும் மட்டும் போதும். சுவரில் எட்டு வட்டம் வரைந்து, சல்லரி விழும் இடத்துக்கு மட்டும் மஞ்சள் நிறம் கொடுங்கள், நீங்கள் ஒரு குச்சியால் வட்டங்களைத் தொட்டுக்கொண்டு போனால் அவள் கண்ணாலேயே தாளம் போடுவாள். ஒரு சொல் சொன்னால் உடனே திருப்பிச் சொல்லாதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணிக்கொண்டு பொறுங்கள். நாம் பொறுமையில்லாமல் இரண்டாம் தரம் சொல்லும்போது, முதல் தரம் சொன்னதைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளை திரும்பத் தொடக்கத்துக்குப் போய்விடும். காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைவதும் இவர்களிடம் அடிக்கடி உண்டு, காதைக் காட்டினார்களா என்று தாயிடம் விசாரியுங்கள். ஆட்டம் சேர்ப்பதாக இருந்தால் தலையைச் சுழற்றுவது, கரணம் போடுவது வேண்டாம். சிலருக்குக் கழுத்து மூட்டு தளர்வாக இருக்கும், டாக்டரிடம் கேட்டபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

5 வயதுக்காரியைப் பற்றி எழுத அதிகமில்லை. பத்து நிமிஷத்துக்கு மேல் ஒரே வேலையில் அவள் இருக்க மாட்டாள், இருக்கவும் கூடாது. ஐந்தாறு சுரத்துக்குள் பாடட்டும். தாயோ அம்மம்மாவோ பக்கத்தில் இருந்து பாடினால் வீட்டிலும் பாட்டு ஓடும்.

13 வயதுத் தம்பியைத்தான் பலர் இழந்துவிடுகிறார்கள். குரல் உடைகிற பையனைப் பார்த்துப் பெண்பிள்ளைகள் சிரிப்பார்கள், அவன் அடுத்த கிழமை கிரிக்கெட்டுக்குப் போய்விடுவான். பாட்டை நிறுத்தச் சொல்ல வேண்டாம், கத்திப் பாடவும் விட வேண்டாம். ஒவ்வொரு கிழமையும் எந்தச் சுரம் முதல் எந்தச் சுரம் வரை வருகிறது என்று கொப்பியில் அவனே குறிக்கட்டும். அன்றைக்கு மேல் ஸ்தாயி வந்தால் பிள்ளைகளோடு, கீழ் வந்தால் தபாலதிபரோடு. சில மாதத்தில் குரல் ஒரு ஸ்தாயி அளவுக்குக் கீழே இறங்கி நின்றுவிடும், அதுவரைக்கும் பழைய கட்டையைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

இந்த மாதங்களில் அவனுக்கு வேறு ஒரு வேலையும் கொடுக்கலாம். உங்கள் ஊரில் 1892 இல் பிறந்தவர் விபுலானந்தர். விஞ்ஞானம் படித்தவர், படிப்பித்தவர். பழந்தமிழ் இசையை ஆராய்ந்த யாழ் நூலில் சுரங்களைக் கணக்காகவே போட்டுக் காட்டினார், அந்த நூல் 1947 இல் வெளிவந்தது. அதில் ஒரு துளியை அந்தத் தம்பி செய்து பார்க்கட்டும். ஒரு பலகையில் கம்பியை இழுத்துக் கட்டி, முழு நீளத்தை மீட்டினால் ச. சரிபாதியில் அழுத்தினால் மேல் ச. மூன்றில் இரண்டு பங்கை ஒலிக்க விட்டால் ப. நான்கில் மூன்று பங்கு என்றால் ம. அளவுகோலும் பென்சிலும் போதும். குரல் சொல்வழி கேட்காத வயதில் கையும் கணக்கும் அவனை வகுப்பிலே பிடித்து வைத்திருக்கும். பிறகு அவனே மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டுவான், சிரித்தவர்களும் வந்து பார்ப்பார்கள்.

தபாலதிபர் ஐயா கோயில் பூசையில் தேவாரம் பாட வேண்டும், சரளி வரிசை வேண்டாம் என்கிறார் என்று சலித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் சொல்வது சரி. 67 வயதில் ஒருவர் ஏன் படிக்க வருகிறாரோ அதைத்தான் முதல் நாள் கொடுக்க வேண்டும். சம்பந்தரின் முதற் பதிகம் நட்டபாடைப் பண், இன்று கம்பீரநாட்டை ராகத்தில் பாடப்படுவது. சொல் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடமாக இருக்கும், நீங்கள் சேர்க்க வேண்டியது ச க ம ப நி என்ற ஐந்து சுரம் மட்டுமே. இதில் உங்களுக்கும் ஒரு இலாபம் இருக்கிறது. அந்த ஐந்தும் மாயாமாளவகௌளையின் அதே ஐந்து. தேவாரம் நன்றாகப் படிந்தபிறகு, "ஐயா, இன்னும் இரண்டு சுரம் இருக்கு, பார்ப்பமா?" என்று ரிஷபத்தையும் தைவதத்தையும் எடுத்துக் கொடுங்கள். சரளி வரிசைக்குள் வந்துவிட்டார் என்பது அவருக்கே பிறகுதான் தெரியும்.

வயதானால் மூச்சு குறையும், நீண்ட அடியை இரண்டாக உடைத்து எங்கே மூச்சு எடுப்பதென்று பென்சிலால் குறித்துக்கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். உயர்ந்த ஒலிகள்தான் முதலில் காதை விட்டுப் போகும், அதனால் கைத்தொலைபேசியின் கீச்சுச் சுருதி அவருக்குச் சரியாக விழாது, நல்ல பெட்டியை அவர் பக்கம் நகர்த்துங்கள். முதல் சில மாதம் பிள்ளைகளுக்கு முன்னால் தனியே பாடச் சொல்லிப் பிழை திருத்த வேண்டாம். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்த தலைமுறை, வெட்கம் எளிதில் வந்துவிடும். முதலடி எடுத்துக்கொடுக்கும் பங்கு பெருமையானது, அதோடு நிறுத்துங்கள்.

அவருக்கோ வேறு யாருக்கோ சுருதி சேரவில்லை என்றால், "இவருக்குச் சங்கீதம் ஏறாது" என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். சுரமே பிடிபடாத குறை உள்ளவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் கேட்டதைக் குரலால் பிடிக்கப் பழகாதவர்கள், அவ்வளவுதான். அவர் எந்தச் சுரத்தில் நிற்கிறாரோ அங்கே போய் நீங்கள் நில்லுங்கள். இரண்டு குரலும் ஒன்றாக ஒட்டுகிற அந்த உணர்வு அவருக்கு ஒருதரம் கிடைக்க வேண்டும். பிறகு அங்கிருந்து அரைக்கட்டை அரைக்கட்டையாக நகர்த்திக் கொண்டுவாருங்கள். பெட்டி போட்ட சுருதிக்கு அவரை வா வா என்று இழுப்பதைவிட இது வேகமாக வேலை செய்யும்.

மாளிகைக்காட்டுப் பிள்ளையின் வீட்டாரோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிள்ளை எதைப் பாடலாம், எதைப் பாட வேண்டாம் என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும், நாமாக ஊகிக்கக் கூடாது. நம் முதல் கீதங்களே தெய்வத் துதிகள். அந்தப் பிள்ளைக்கு அதே மெட்டைச் சுரமாக மட்டும் கொடுக்கலாம், அல்லது சொல்லை மாற்றலாம். பொதுப் பாட்டுக்குத் துதி இல்லாத சொல்லாகவே இருக்கட்டும், பஸ்ஸும் பாணும் கடலும் போதும். கிழக்கு முஸ்லிம்களின் நாட்டார் கவியில் எத்தனையோ இருக்கிறது, றபான் (கையால் தட்டும் தோல்வாத்தியம்) அடிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் உறவில் இருந்தால் ஒருநாள் வகுப்புக்கு அழைத்துவரச் சொல்லுங்கள். தபாலதிபரின் தேவாரமும் சோதனைக்காரரின் கீதமும் பிரிந்து பழகும் நேரத்துக்கு இருக்கட்டும்.

சோதனை. தாய்மார் கேட்பதில் தவறில்லை. வட இலங்கைச் சபையின் தரச் சான்றிதழ், ஒருநாள் கலாவித்தகர் என்ற பட்டம், பள்ளிக்கூடத்தில் சாதாரண தரத்துக்குச் சங்கீதத்தை ஒரு பாடமாக எடுப்பது, இவையெல்லாம் பிள்ளைக்கு உதவும். உங்களுக்கும் உதவியதுதானே. ஆனால் எல்லோரையும் சேர்த்து அனுப்பாதீர்கள். செய்முறையில் தயாரான பிள்ளையை இந்த வருஷம், மற்றதை அடுத்த வருஷம். ஒரு தாய்க்குக் கோபம் வரத்தான் செய்யும். "பக்கத்து வீட்டுப் பிள்ளை போகுதே" என்பார். பிள்ளையைப் பாட வைத்துத் தாயையே கேட்கச் செய்யுங்கள், அதைவிட நல்ல விளக்கம் இல்லை. சோதனைக்காரர் பொதுப் பாட்டு நேரத்தை "வீண்" என்று நினைத்தால், அவர்களையே மாறிமாறி நடத்த விடுங்கள். மற்றவருக்குத் தாளம் போட்டுக் காட்டும்போதுதான் தங்கள் தாளம் எங்கே ஓடுகிறது என்று தெரியவரும்.

கடைசியாகக் காசு. காதுக்கருவிப் பையனின் தாயிடம் மற்றவர்களிடம் வாங்குவதையே வாங்குங்கள். குறைத்தால் பிள்ளையைக் குறைவாகப் பார்க்கிறீர்கள் என்று படும், வாங்காமல் விட்டால் கேள்வி கேட்க அவருக்குக் கூச்சம் வரும். கையில் இல்லாத வீடு என்றால் அது வேறு கதை, அதை யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அதற்கும் காதுக்கும் சம்பந்தமில்லை. காசு வாங்குகிற அன்றே உட்கார வைத்து நேராகச் சொல்லிவிடுங்கள்: இந்த வருஷம் இவன் கீர்த்தனை பாட மாட்டான், ஆனால் ஐந்து ஜாதியும் கையில் வரும், மிருதங்கத்தில் தா தீ தொம் நம் நான்கும் துலக்கமாக விழும், மற்ற 13 பேரோடு சேர்ந்து வாசிப்பான். அதைச் செய்துகொடுக்க உங்களால் முடியும் என்றால் காசு வாங்குவதில் பாவம் எங்கே வந்தது? தாயையும் வகுப்பில் இருக்கச் சொல்லி அதே பாடத்தைப் பழக்குங்கள். வீட்டில் கிழமைநாளில் அவனோடு சேர்ந்து தட்டுவதற்கு ஒருவர் வேண்டும்.

சித்திரை வருஷம் கழிய ஒரு கடிதம் போடுங்கள். கருவிக்குச் சங்கீத அமைப்புப் போட்டுக் கொடுத்தார்களா, போட்டபிறகு சுருதிப்பெட்டி அவனுக்கு எப்படிக் கேட்கிறது என்பதை மறக்காமல் அவனிடமே கேட்டு எழுதுங்கள். இதே கேள்வியோடு இன்னும் மூன்று நான்கு ஆசிரியைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அது தேவைப்படும்.